சினமலைச் சித்தர் சாப்பிடாமல் போன கதை

பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரிக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஃப்ளெக்ஸ் கடையில் சுபலட்சுமி டிசைனர். காதுகுத்து, வசந்த விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். யார் படம் எவ்வளவு பெரிசு, யார் பெயர் யாருக்கு மேலே என்கிற தகராறில் இந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கின்றன என்று அவளைக் கேட்டால் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மீசை ஓரம் வெட்டுப்பட்டுப் போனதென்று ஒரு கூட்டமே கடை வாசலில் வந்து நின்று கத்தியிருக்கிறது. அவள் அசரவில்லை. "மீசதானண்ணே, சேத்துப்புடலாம்" என்று சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தினாள். அப்பேர்ப்பட்ட தைரியசாலி, போன மாசி மாதம் முழுக்கச் சோறு தொண்டையில் இறங்காமல் அலைந்தாள். காரணம் ஒரு கிழட்டுச் சித்தர். அவர் இந்த உலகத்திலேயே இல்லாதவர். அவளே உண்டாக்கி விட்டவர்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சுபலட்சுமிக்குச் சீனத்துத் தொடர்கதைப் பைத்தியம். கல்லூரிக் காலத்தில் பிடித்தது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றும் விடவில்லை. அரைகுறை இங்கிலீஷில் யாரோ மொழிபெயர்த்துப் போட்டிருப்பதை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனில் படிப்பாள். இங்கே லாரியில் அடிபட்டுச் செத்தவன் சொர்க்கத்துக்கும் போகமாட்டான், நரகத்துக்கும் போகமாட்டான். வேறொரு உலகத்தில் வேறொருவன் உடம்புக்குள் கண் விழிப்பான். அந்த உலகத்தில் எல்லோரும் மலைமேல் உட்கார்ந்து தவம் செய்து, சக்தி சேர்த்து, நிலை நிலையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம்கூட அவளுக்குப் பெரிசில்லை. அந்தக் கதைகளில் வருகிற குருமார்கள்தான் அவளைக் கட்டிப்போட்டார்கள். ஆயிரம் வருடம் தவம் செய்து மேகத்தின்மேல் நடக்கிற பெரிய மனிதர், ஒரு விருந்தில் தன்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதற்காக எதிராளியின் மலையையே பெயர்த்துப் போடுவார். "என் முகத்துக்கு மரியாதை இல்லையா?" என்று ஒரு கத்தல் வேறு. அட, இது நம்ம வீட்டு விசேஷமாச்சே என்று சுபலட்சுமி பஸ்ஸில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்மணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

அப்புறம் அவளே எழுத ஆரம்பித்தாள். ஒரு கதைச் செயலியில், வெயில்ராணி என்ற பெயரில். ஃப்ளெக்ஸ் மெஷினில் ஒரு தாய்மாமன் தலை முதல் கால் வரை அச்சாகி வருவதற்குள் ஒரு அத்தியாயத்தில் பாதி எழுதிவிடுவாள். அவளுடைய கதாநாயகி செண்பகா, பழங்காநத்தம் ரவுண்டானாவில் டவுன் பஸ் இடித்துச் செத்து, சினமலைப் பீடத்தில் தாம்பூலத் தட்டுத் தூக்குகிற கடைநிலைச் சீடப்பெண்ணாகக் கண் விழிக்கிறாள். அங்கே சக்தி தவத்தில் வருவதில்லை. கோபித்துக்கொள்வதில் வருகிறது. யார் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நிற்கிறாரோ அவருக்கு அவ்வளவு சக்தி. முதல் நிலை, முகம் திருப்புதல். இரண்டாம் நிலை, பேச்சை நிறுத்துதல். மூன்றாம் நிலையில் தூதுப் புறாவைத் தானியம்கூடப் போடாமல் திருப்பி அனுப்புவார்கள். நான்காம் நிலை கை நனையாமை. பந்தியில் இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்து போவது. உச்சி நிலை வாசல் மிதியாமை. அதை எட்டியவர் ஒரு தலைமுறைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். செண்பகாவின் காதுக்குள் மட்டும் ஒரு அசரீரி கேட்கும். அது மினிபஸ் கண்டக்டர் மாதிரி, "உள்ள போ, உள்ள போ, ரெண்டாம் நிலை காலியாத்தான் கெடக்கு, ஏறு ஏறு" என்று அவளை விரட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பீடத்தின் தலைவர் சினமலைச் சித்தர். ஐந்நூறு வருடமாக எந்தக் கல்யாணத்திலும் கை நனைக்காதவர். சாப்பிடாமல் எழுந்த பந்திகளின் பசி நெருப்பாகி அவர் வயிற்றில் கனன்றுகொண்டிருக்கும். அவர் எழுந்தால் மண்டபம் நடுங்கும். ஆனால் எழுந்து போகும்போது யாராவது கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவார். யாரும் இழுக்காவிட்டால் செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலிலேயே நிற்பார்.

இந்தச் சித்தர் வேறு யாருமில்லை. சுபலட்சுமியின் அண்ணன் முத்துப்பாண்டிதான்.

அப்பா போன பிறகு லோடு வண்டி ஓட்டி அவளைப் பசுமலையில் கல்லூரிப் படிப்பு படிக்க வைத்தவர். நாகமலை அடிவாரத்தில் இருக்கிற கொஞ்சம் நிலத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டு, அம்மா அன்னக்கொடியையும் தன்னோடு வைத்திருக்கிறவர். தங்கைக்கு ஒன்று என்றால் உயிரை விடுவார். ஒரே ஒரு குறை, தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார். பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் நின்றார்கள் என்பதற்குப் போகாத கல்யாணம் உண்டு. சுபலட்சுமியின் கல்யாணத்திலேயே, வரவேற்பு பேனரில் சித்தப்பா தவசியின் படம் தன் படத்தைவிடப் பெரிசாக இருந்தது என்பதற்காக மண்டபத்தில் கத்திவிட்டு, சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்.

எழுதும்போது அவளுக்கு இது தப்பாகவே படவில்லை. அண்ணன் கதை படிக்கிற ஆள் கிடையாது. செய்தித்தாளிலேயே மழை வருமா வராதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடக்கி வைத்துவிடுவார். வெயில்ராணி யாரென்று புருஷன் அருண்பாண்டியைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. என்ன பயம்?

மாசி பிறந்த கையோடு ஒரு மத்தியானம் கடை வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. இன்ஜினை அணைத்தும் உள்ளே ஸ்பீக்கரில் ஓர் இளவட்டக் குரல் கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். 'என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வைப்பீகளோ!' சினமலை கிடுகிடுத்தது. மேகங்கள் ஓடி ஒளிந்தன..."

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று சுபலட்சுமி நினைத்தாள். கேட்ட மாதிரி இல்லை, எழுதின மாதிரி.

"பாப்பா, இதக் கேட்டியா நீயி?" முத்துப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். அவ்வளவு சிரிப்பு. "வண்டி ஸ்டாண்டுல பூராப் பயலும் இதத்தான் கேக்குறாய்ங்க. ஒருத்தன் யூட்யூப்புல வாசிச்சுப் போடுறான். வயித்து வலியே வந்துருச்சு போ."

"யாருண்ணே எழுதுனது?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"எவனோ வெயில்ராணியாம். பொம்பளப் பேர வச்சுக்கிட்டு எழுதுற ஆம்பளதான். நம்ம பக்கத்து ஆளு, சந்தேகமே இல்ல. அந்தச் சித்தர் யாருங்கிற? நம்ம தவசி சித்தப்பா! அப்படியே உரிச்சு வச்சிருக்கான் பாப்பா. போகையில ஓரக்கண்ணால பாக்குறாரு பாரு, அது அவரேதான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுபலட்சுமி மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வந்த வேலையைச் சொன்னார். பங்குனியில் அவள் மகள் தேன்விழிக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டு வரும்போது முன்னால் பிடிக்க ஒரு பேனர் வேண்டும், அதைத் தங்கச்சி கையால்தான் செய்ய வேண்டும்.

"எம் படத்துக்குக் கீழ கொட்டையா 'சினமலைச் சித்தர்'னு போட்டுரு. ஸ்டாண்டுல இப்ப என்னைய அப்படித்தான் கூப்புடுறாய்ங்க."

"எதுக்குண்ணே அப்படிக் கூப்புடுறாங்க?"

"தெரியல. கெத்தா இருக்கும்னுதான்."

ஐயோ என்றிருந்தது அவளுக்கு. சித்தர் யாரென்று ஸ்டாண்டுக்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஊரில் தெரியாத ஒரே ஆள் எதிரே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவள் டைப் செய்தாள். சித்தருக்கு இரண்டு முறை எழுத்து மாறிப் போயிற்று.

வண்டியில் ஏறும்போதுதான் அண்ணன் அந்த வெடியைப் போட்டார். "நாளைக்கிச் சித்தரோட ரகசியம் ஒடையப் போகுதாம் பாப்பா. இப்பத்தான் அந்தப் பய முடிக்கையில சொன்னான். என்னவாத்தான் இருக்கும்? வாரேன்."

என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே எழுதிச் செயலியில் ஏற்றிய அத்தியாயம் அது. வாசிக்கிறவன் கொஞ்சம் பின்தங்கி வந்துகொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அவள் கல்யாணத்தன்று அண்ணன் கத்திவிட்டுப் போன பிறகு, மாலையும் கழுத்துமாகப் பொண்ணு ரூமில் அவள் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது மூக்கடைத்துப் போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே சமையல் கொட்டகையின் பின்புறம். அங்கே ஒரு கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சமையல்காரர் இலை போட்டு ஏதோ வைக்க, தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். பிறகு தோள் துண்டில் வாயைத் துடைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய்விட்டார். அண்ணன் சாப்பிடாமல் போனார் என்றுதான் இன்றைக்கு வரைக்கும் சொந்தபந்தம் எல்லாம் பேசுகிறது. அவள் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொல்லாமல் பொத்தி வைத்ததை, கதைக்கு ஒரு திருப்பம் வேண்டுமென்று எடுத்து விரித்துவிட்டாள். ஐந்நூறு வருட விரதம் பொய். சித்தர் ஒவ்வொரு கல்யாணத்திலும் கொல்லைப்புறமாக வந்து, கவிழ்த்த அண்டாவில் குந்தி, தாடியில் பாயாசம் ஒழுக ஒழுகத் தின்கிறார். செண்பகா ஜன்னலிலிருந்து பார்த்துவிடுகிறாள். சித்தரின் சக்தி பொலபொலவென்று உதிர்கிறது. அந்த அத்தியாயத்துக்குச் சிரிக்கிற பொம்மைகள் வந்து குவிந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், சிரித்துச் சிரித்து அலுவலகத்தில் திட்டு வாங்கினேன் என்று எழுதியிருந்தார்.

இதை அண்ணன் கேட்டால்? இந்தத் தடவை அழைப்பில் முறை தவறவே இல்லை. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய் முதல் அழைப்பு அவருக்குத்தான் வைத்தார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டால் வரமாட்டார். வேறொருவர் மடியில் தேன்விழிக்குக் காது குத்தினால் அது அண்ணன் தங்கச்சி உறவையே அறுத்துப் போடுகிற மாதிரி. அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருக்கிற பிறந்தவீடு அவர் ஒருவர்தான்.

செயலியிலிருந்து அத்தியாயத்தை அன்றைக்கே நீக்கிவிட்டாள். மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். யூட்யூபில் வாசிக்கிறவன் பெயர் சித்தார்த், அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவள் ராத்திரி மெசேஜ் போட்டதற்கு டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தான். ஒல்லிப் பையன், அந்தத் தொண்டைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ.

"அக்கா, நீங்கதான் வெயில்ராணின்னு நான் எப்பிடி நம்புறது? போன மாசம் ஒருத்தர் வந்து நான்தான்னு சொல்லி ரெண்டு வடை தின்னுட்டுப் போனாரு."

"அந்த அசரீரி ஏன் கண்டக்டர் மாதிரிப் பேசுதுன்னு தெரியுமா தம்பி? எங்க ரூட்டு மினிபஸ்ல அந்தாளு போடுற சத்தம் எனக்குக் கனவுலயும் கேக்குது, அதான். கேளு, எந்த அத்தியாயம் வேணும்னாலும் கேளு, சொல்றேன். ஆனா மொதல்ல அந்த ரகசியத்த எடு."

சித்தார்த்தின் முகம் மாறியது. "அது காலைலயே போட்டுட்டேனேக்கா."

"இப்பவே எடு தம்பி!" என்று அவள் கத்தினாள். அவன் பதறிப்போய் அங்கேயே அதை நீக்கினான். கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று சமாதானம் சொன்னான். அந்தக் கொஞ்சப் பேரில் லோடு வண்டி ஓட்டுகிற ஒருவர் உண்டா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப் போய் ஆடை கட்டிக்கிடந்தது. அவள் எழுந்து பஸ்ஸைப் பிடித்தாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல. அவள் எழுதின நிலைகளே அவளைத் துரத்த ஆரம்பித்தன. பேனரைச் செய்து போனில் அனுப்பினாள். பதில் இல்லை. கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூதுப் புறா திரும்பி வந்துவிட்டதே என்று அவள் மனசு சொன்னது. ஒரு நாள் பசுமலைப் பக்கம் ஸ்கூட்டியில் போகும்போது எதிரே அண்ணனின் வண்டி வந்தது. கையைத் தூக்கினாள். அவர் வேறு பக்கம் பார்த்தபடி போய்விட்டார். முகம் திருப்புதல்! இல்லை, வெயில் கண்ணில் அடித்திருக்கும். வண்டிக்குள் ஸ்பீக்கர் ஓடவில்லை என்பதையும் அவள் கவனித்துத் தொலைத்தாள்.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அவன் நாலஞ்சு நாளா மொகமே சரியில்லடி" என்றாள் அன்னக்கொடி. "கேட்டா ஒண்ணுமில்லங்குறான். சீருக்கு ஆடு மட்டும் சொல்லி வச்சிருக்கான். ஏன், நீ ஏதும் பேசிப்புட்டியா?"

"நான் என்னம்மா பேசுனேன்?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். பேசவில்லை, எழுதினாள்.

"போய்க் கால்ல விழுந்துரு" என்றான் அருண்பாண்டி. "மச்சான் கோவம் தண்ணியில எழுதுனதுதான்."

"அவர் கேக்கவே இல்லைன்னா? நானே போயிச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிராதா?"

அதுவும் சரிதான் என்று அவன் விட்டுவிட்டான். போகலாமா வேண்டாமா என்று நினைத்து நினைத்தே பங்குனி பிறந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் சித்தர் அண்டாவில் குந்திக்கொண்டு அவளையே முறைத்தார். கதை அந்த இடத்திலேயே நின்றது.

காதுகுத்து அன்று குலசாமி கோயில் முன்னால் பந்தல் போட்டாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். மொட்டையடிக்க வந்தவர் கத்தியைத் தீட்டி முடித்துவிட்டார். கறிக்குழம்பு வாசம் மலை வரைக்கும் போயிற்று. நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது, தாய்மாமனைக் காணோம். சொந்தக்காரர்கள் சுபலட்சுமியைப் பார்ப்பதும் தங்களுக்குள் குசுகுசுப்பதுமாக இருந்தார்கள். இவர்களெல்லாம் கேட்டிருப்பார்களோ? அந்தச் சிவப்புச் சேலைக்காரி எதற்குச் சிரிக்கிறாள்? தேன்விழி வேறு, "மாமா எங்கம்மா, மாமா எங்கம்மா" என்று உயிரை வாங்கினாள்.

சித்தப்பா தவசி தொண்டையைக் கனைத்தார். "நேரம் போகுது சுபா. அவன் வராட்டி என்ன, நான் வேணா மடியில வச்சுக்கிறேன். நானும் பெரியவந்தான?"

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா." சாமி, இந்த ஒரு தடவை கொண்டு வந்து சேர்த்துவிடு, இனிமேல் ஒரு எழுத்து எழுதமாட்டேன் என்று கருப்பசாமியிடம் வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்! தட்டுத் தட்டாகச் சீர், மாலை போட்ட ஆடு, மதினி, அம்மா, ஸ்டாண்டுக்காரர்கள். முன்னால் பேனர். சுபலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, பேனரைப் படிக்கிற வரைக்கும்தான். அது அவள் செய்த பேனர் இல்லை. வேறு கடையில் அடித்தது. 'சினமலைச் சித்தர்' இல்லை. 'தாய்மாமன் மு. முத்துப்பாண்டி'. அவ்வளவுதான்.

கேட்டுவிட்டார்.

முத்துப்பாண்டி வந்து மணையில் உட்கார்ந்தார். தேன்விழியை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். முடி இறக்கும்போது பிள்ளையின் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டார். ஊசி போனபோது தேன்விழி ஊரைக் கூட்டி அழுதாள். அவர் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு தாயி" என்றார். தங்கச்சி பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பந்தி போட்டார்கள். முதல் இலை தாய்மாமனுக்கு. இலை கிடந்தது, ஆளைக் காணவில்லை.

"எங்கடி முத்து?" என்றாள் அன்னக்கொடி. தவசி சித்தப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "போயிட்டானா? எனக்கு அப்பயே தெரியும்."

சுபலட்சுமி பந்தலை விட்டு வெளியே ஓடினாள். லோடு வண்டி வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. வண்டி நிற்கிறது, ஆள் இல்லை. சட்டென்று அவளுக்குப் புரிந்தது. சமையல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்டூலில் வெறும் இலை, தண்ணீர் தெளித்துத் தயாராக.

"வந்துட்டியா?" என்றார். "அதுல ஒண்ணு தப்பா எழுதிருக்க."

அவள் இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தாள்.

"தாடியில பாயாசம் ஒழுக ஒழுகத் தின்னாருன்னு எழுதிருக்க. நான் பாயாசத்தத் தொடவே இல்ல. மோர ஊத்தி ரெண்டு உருண்ட சோறு. அம்புட்டுத்தான்."

"நாந்தான்னு... எப்படிண்ணே..."

"அந்த எடத்துக்கு ஒரே ஒரு சன்னல்தான் பாப்பா. பொண்ணு ரூம்பு சன்னல். எல போட்ட சமையக்காரரும் போயிச் சேந்துட்டாரு. வேற எவனுக்குத் தெரியும்?" அவர் இலையின் நரம்பை விரலால் தடவினார். "எதுக்குத் தின்னேன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்று தலையாட்டினாள். பசிக்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"பசி என்ன பசி. கத்திட்டு வண்டிய எடுத்துக்கிட்டு நாகமல வரைக்கும் போயிட்டேன். போகப் போக ஒரே நெனப்பு. கூடப்பொறந்தவன் கை நனைக்காமப் போனா பொண்ணுக்கு ஆகாதும்பாய்ங்க. அப்பாவும் இல்ல. நாளப்பின்ன ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, எங்கோவந்தான் வந்து ஒன்னையப் புடிச்சுச்சுன்னு இருக்காதா? திரும்பி வந்துட்டேன். முன்னாடி வந்து உக்கார மொகமில்ல. பின்னாடி வந்து கேட்டு வாங்குனேன். தொண்டையில எறங்கல. முழுங்குனேன்."

கொட்டகைக்குள் கரண்டிகள் மோதுகிற சத்தம் கேட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"நீ பாத்தது சரி. எதுக்குண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஊரே சிரிக்குது. நானும்ல கூடச் சேந்து சிரிச்சேன்."

சுபலட்சுமி அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பட்டுச்சேலை போனால் போகிறது. "தப்புத்தாண்ணே. தெரியாமப் பண்ணிட்டேன். தெரிஞ்சுதான் பண்ணுனேன், ஆனா இது தெரியாதுண்ணே." அவளுக்கே தான் என்ன சொல்கிறோம் என்று விளங்கவில்லை. தனக்காக ஒருவர் மானத்தை விட்டுக் கொல்லைப்புறம் வந்து விழுங்கிய சோற்றை, தான் எடுத்து ஊருக்குக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டோம் என்பது ஒன்றுதான் விளங்கியது.

"சரி சரி, அழுகாத. வீடியோக்காரன் தேடிக்கிட்டு வரப்போறான். சோத்தப் போடு. அங்க தவசி சித்தப்பா பக்கத்துலல்லாம் என்னால உக்கார முடியாது."

அவள் எழுந்து ஓடிப்போய்ச் சோறும் குழம்பும் கறியும் கொண்டு வந்தாள். தானே பரிமாறினாள். முத்துப்பாண்டி பிசைந்து ஒரு வாய் எடுத்தார், இன்னொரு வாய் எடுத்தார். அவள் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மூன்றாவது வாய்க்குக் கை போனது, நடுவழியில் நின்றது.

"அந்தச் சித்தரு சத்தியெல்லாம் உதுந்து போச்சுல்ல. அப்பறம் என்னாகுறாரு? செத்துருவாரா?"

"அதெல்லாம் முன்னாடியே சொல்லக்கூடாதுண்ணே."

அண்ணன் பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டார். கையை உதறினார். அண்டாவிலிருந்து அரையாக எழுந்தார்.

"சொல்லாட்டி இப்பிடியே எந்திரிச்சுப் போயிருவேன்."

சுபலட்சுமி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிசமாகவே சொல்கிறாரா என்று அந்த மீசையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, அவள் சொல்ல ஆரம்பித்தாள்.